வீட்டிலேயே பல்லாங்குழி செய்யறது எப்படி: பலகை தேர்வுல இருந்து பாலிஷ் வரைக்கும்

மரவேலை கத்துக்கணும்னு ஆசைப்பட்டு உளி, ரம்பம் எல்லாம் வாங்கி வச்சிருக்கறவங்க நிறைய பேரு முதல்ல ஒரு ஸ்டூல் செய்யலாம்னு ஆரம்பிக்கறாங்க, இல்லன்னா புக் ஷெல்ஃப். ரெண்டுக்கும் ஜாயிண்ட் போடணும், நாலு காலும் ஒரே மட்டத்துல உக்காரணும், ஒரு நூல் தப்பினாலும் மொத்தமும் ஆடும், அதோட பாதி பேரு விட்டுடறாங்க. அதனால யாரு கேட்டாலும் நான் சொல்றது, முதல் வேலையா ஒரு பல்லாங்குழி பண்ணுங்க. ஒரே பலகை, ஜாயிண்ட் கிடையாது, ஆணி கிடையாது, பெரிய மெஷின் எதுவும் வேணாம். ஆனா உளி தீட்டறது, மரத்தோட நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்து செதுக்கறது, இழைக்கறது, பாலிஷ் போடறதுன்னு மரவேலைக்கு அடிப்படையானது எல்லாமே இதுக்குள்ள வந்துடும். முடிச்சதும் பாட்டிக்கோ, வளைகாப்புக்கு அக்காவுக்கோ, ஃப்ரெண்டோட குழந்தைங்களுக்கோ குடுக்கலாம், ஷோகேஸ்ல உக்காராம தினமும் கையில புழங்கற பொருளா இருக்கும்.

மரத்தை தொடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இதை யாரும் விட்டுடாதீங்க. யாருக்கு குடுக்கப் போறீங்களோ அவங்க கையை பாருங்க. கடையில விக்கற பலகை நிறையதுல மெஷின்ல ட்ரில் போட்டு குழியோட அடியை தட்டையாவே விட்டிருப்பாங்க, அதுல விளையாடினா கொட்டையை வழிச்சு எடுக்கும்போது மூலையில ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு நிக்கும், நகத்தால நோண்டித்தான் எடுக்கணும், ஆட்டத்தோட வேகமே போயிடும். பல்லாங்குழியில கை ஒரே வழிப்புல குழியை காலி பண்ணிட்டு அடுத்த குழிக்கு போகணும். அதுக்கு குழி கிண்ணம் மாதிரி உருண்டையா இருக்கணும், அகலம் அவங்க விரலுக்கு பொருந்தணும். ஒரு சின்ன கிண்ணத்துல புளியங்கொட்டை போட்டு அவங்களை வழிச்சு எடுக்கச் சொல்லி பாருங்க, விரல் எவ்வளவு மடங்குதுன்னு தெரிஞ்சுடும். சாதாரண கைக்கு 2 இன்ச் அகலம், 6 நூல் ஆழம் சரியா இருக்கும் (1 இன்ச்சுக்கு 8 நூல், ஆசாரிங்க கணக்கு இதுதான், டேப்லயும் அந்த கோடு இருக்கும்). மூட்டு வலியால விரல் மடக்க கஷ்டப்படற பெரியவங்களுக்குன்னா அகலத்தை 2¼ இன்ச் ஆக்கிட்டு ஆழத்தை 5 நூலா குறைச்சுடுங்க. இந்த ஒரு மாத்தம் கடையில காசு குடுத்தாலும் கிடைக்காது, வீட்டுல செய்யறதோட அர்த்தமே இங்கதான் இருக்கு.

இப்ப மரம். தேவைப்படறது 19 இன்ச் நீளம், 6 இன்ச் அகலம், 1¼ இன்ச் கனம், அவ்வளவுதான். இந்த அளவுக்கு புதுசா கன அடி கணக்குல மரம் வாங்க வேண்டியதே இல்ல, மரவாடியிலயோ அறுவை மில்லுலயோ போயி துண்டு மரம் கேளுங்க, கதவு நிலைக்கு அறுத்தது போக மிச்சம் கிடக்கும். செங்கோட்டை, தென்காசி பக்கம் இருக்கறவங்களுக்கு மில்லுக்கு பஞ்சமே இல்ல. தேக்கு கிடைச்சா எடுத்துக்கோங்க, உளிக்கு நல்லா வழி விடும், சீக்கிரம் வளையாது. பலா அதைவிட எனக்கு பிடிக்கும், அந்த மஞ்சள் நிறம் வருஷம் போகப் போக தேன் கலருக்கு மாறும், தஞ்சாவூர் வீணை செய்யறதும் பலாவுலதான், அவ்வளவு குடைஞ்சும் வெடிக்காம நிக்கற மரம் பல்லாங்குழிக்கு தாராளமா நிக்கும். பூவரசும் நல்லா வரும். வேம்பு பூச்சிக்கு பயமில்ல, ஆனா நார் ஒரே பக்கமா ஓடாது, அங்கங்க திரும்பிக்கும், முதல் தடவை செய்யறவங்களுக்கு கொஞ்சம் சிரமம். மாமரம் சுலபமா கிடைக்கும், ஆனா உளுத்துப் போற மரம், வெள்ளைப் பகுதியில பொடி கொட்டற ஓட்டை இருந்தா வாங்கவே வாங்காதீங்க. பிளைவுட் வேணாம், குடைஞ்சா அடுக்கு அடுக்கா தெரியும், ஓரம் பிசிறும்.

பழைய மரம் கிடைச்சா அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கோங்க. இடிச்ச வீட்டு கதவு, நிலை, உத்தரம் எல்லாம் பழைய சாமான் கடைகள்ல வரும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பக்கம் போனா செட்டிநாட்டு வீட்டு மரம் பாக்கலாம், அதுல பர்மா தேக்கும் வரும். பல வருஷம் காஞ்ச மரம், இனிமே சுருங்க ஒன்னும் இல்ல. ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. ஒன்னு, ஒரு காந்தத்தை எடுத்து பலகை முழுக்க தடவிப் பாருங்க, உள்ள உடைஞ்சு போன ஆணி இருந்தா உளி மூக்கு போயிடும். இன்னொன்னு பழைய பெயிண்ட். இந்தியாவுல வீட்டு பெயிண்ட்ல ஈயத்துக்கு 90 பிபிஎம்னு வரம்பு வச்ச விதி 2016ல வந்து 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட்ல ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதை உப்புத்தாள் போட்டு தேச்சா தூசியா வீடு முழுக்க பரவும், குழந்தை இருக்கற வீட்டுல அது ரொம்ப ஆபத்து. பெயிண்ட் அடிச்ச மரம்னா விட்டுடுங்க, பெயிண்ட் படாத பழைய மரமா பாத்து வாங்குங்க.

புது மரம்னா காஞ்சிருக்கான்னு பாக்கணும். இதுக்கு மீட்டர் எல்லாம் வேணாம், சமையலறை தராசு போதும். பலகையை எடை போட்டு அது மேலயே பென்சில்ல எழுதுங்க, காத்தோட்டமா நிழல்ல வச்சு வாராவாரம் எடை போடுங்க, எடை குறையறது நின்னுடுச்சுன்னா வேலையை ஆரம்பிக்கலாம். வெயில்ல வச்சு சீக்கிரம் காய வைக்கலாம்னு நினைக்காதீங்க, முனையில வெடிப்பு விடும்.

உளி பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏன்னா இந்த வேலை நல்லா வர்றதும் வராததும் உளியோட கூர்மையிலதான் இருக்கு. உங்களுக்கு வேண்டியது முனை வளைஞ்ச குழி உளி, கடையில கவுஜ்னு கேளுங்க, முக்கால் இன்ச் அகலம், கழுத்தும் கொஞ்சம் வளைஞ்சதா இருந்தா குழிக்குள்ள அடி வரைக்கும் போகும். நேரா இருக்கற கவுஜ் வச்சு ஓரத்தை செதுக்கலாம், அடியை உருட்ட முடியாது. பக்கத்துல கொல்லன் பட்டறை இருந்தா அங்க சொல்லி செஞ்சுக்கலாம், பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சு குடுப்பாங்க, நல்லாவே இருக்கும். புது உளி கடையில இருந்து வரும்போது கூரா இருக்கும்னு நம்பாதீங்க, தீட்டாத உளியோட மரத்துகிட்ட போகவே கூடாது. தீட்டுக்கல் இல்லன்னா ஒரு கண்ணாடித் துண்டு மேல 400, அப்புறம் 1000, அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி தண்ணி விட்டு தீட்டலாம். வெளிப்பக்க சரிவை கையை லேசா உருட்டிக்கிட்டே தீட்டணும், இல்லன்னா நடுவுல மட்டும் தேஞ்சு ரெண்டு மூலையும் நீட்டிக்கிட்டு நிக்கும். உள்பக்கத்துக்கு ஒரு குச்சியில அதே பேப்பரை சுத்தி லேசா தேச்சா போதும். கடைசியா பழைய லெதர் பெல்ட்ல பின்பக்கமா இழுத்து விடுங்க. மரத்தோட குறுக்கு நாரை வெட்டிப் பாருங்க, வெட்டின இடம் பளபளன்னு இருந்தா கூர் வந்துடுச்சு, நார் பிஞ்சு வெள்ளையா தெரிஞ்சா இன்னும் தீட்டணும். வேலை நடுவுலயும் ரெண்டு குழிக்கு ஒருதரம் பெல்ட்ல இழுத்துக்கோங்க.

பலகையை ரெண்டு பக்கமும் இழைச்சு மட்டம் பண்ணிட்டு அளவு குறிக்கலாம். குழி ரெண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 14. நீள ஓரத்துல இருந்து 1¾ இன்ச் உள்ள தள்ளி ரெண்டு பக்கமும் ஒரு கோடு போடுங்க, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 2½ இன்ச் வரும். அகல ஓரத்துல இருந்து 2 இன்ச் விட்டு முதல் மையம், அப்புறம் 2½ இன்ச்சுக்கு ஒன்னா ஏழு மையம், கடைசியிலயும் 2 இன்ச் மிஞ்சும், கூட்டிப் பாத்தா சரியா 19 வரும். ஒவ்வொரு மையத்துலயும் ஆணி முனையால ஒரு குத்து குத்திட்டு காம்பஸ்ல 1 இன்ச் ஆரத்துக்கு வட்டம் போடுங்க. குழிக்கும் குழிக்கும் நடுவுல 4 நூல் சுவர் நிக்கும், அதுக்கு கீழ குறைச்சா செதுக்கும்போது பேந்துடும். 2¼ இன்ச் குழின்னா மையத்துக்கு மையம் 2¾ இன்ச், பலகை 21க்கு 6½ எடுத்துக்கோங்க.

குடையறதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. கப்போர்டு வேலை பண்ற எந்த கார்பெண்டர்கிட்டயும் 35 எம்எம் பிட் ஒன்னு இருக்கும், கதவுக்குள்ள ஆட்டோ ஹின்ஜ் உக்கார்றதுக்கு குழி போடற பிட், ஹார்ட்வேர் கடையிலயும் கிடைக்கும். 50 எம்எம் பிட்டை கை ட்ரில்ல போட்டா கையை முறுக்கிடும், அந்த ரிஸ்க் வேணாம், 35ஏ போதும். பலகையை மேஜையோட ரெண்டு சி கிளாம்ப் போட்டு இறுக்குங்க, ட்ரில்லோட சைடு கைப்பிடியை மாட்டிக்கோங்க, ஸ்பீடை குறைச்சு வச்சு, மையத்துல நேரா 4 நூல் ஆழம் மட்டும் இறக்குங்க. ஒரு தீக்குச்சியில 4 நூலுக்கு கோடு போட்டு வச்சுக்கிட்டு விட்டு விட்டு அளந்து பாருங்க. ஏன் 4 நூல்னா, அந்த பிட்டுக்கு நடுவுல ஒரு முனை இருக்கும், அது இன்னும் கொஞ்சம் கீழ குத்திட்டுப் போகும், நம்ம குழியோட கடைசி ஆழம் 6 நூல்ங்கறதால அந்த குத்துப்புள்ளி செதுக்கும்போது காணாம போயிடும். 5 நூல் ஆழக் குழிக்கு 3 நூலோட நிறுத்திடுங்க. புகை வந்தாலோ மரம் கருகினாலோ பிட் மழுங்கி இருக்கு, இல்ல ஸ்பீடு ஜாஸ்தின்னு அர்த்தம். அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க இந்த ட்ரில் வேலையை மட்டும் பகல்ல ஒரே மூச்சுல முடிச்சுட்டா மத்தது எல்லாம் சத்தம் இல்லாத வேலைதான்.

ட்ரில்லே இல்லன்னாலும் பரவாயில்ல, கவுஜும் கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்) வச்சு முழுசா குடையலாம், நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

அடுத்து செதுக்கறது. முதல்ல ஒரு கெட்டி அட்டையில 1 இன்ச் ஆரத்துக்கு வட்டம் போட்டு, மையத்துல இருந்து 2 நூல் கீழ ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு கீழ இருக்கற பகுதியை மட்டும் வெட்டி எடுங்க. இதுதான் உங்க அச்சு, 14 குழியையும் இதை வச்சுத்தான் சரி பாக்கப் போறீங்க. ட்ரில் போட்ட குழிக்கும் பென்சில் வட்டத்துக்கும் நடுவுல இருக்கற படியை கொட்டாப்புளியால லேசா தட்டி சரிவா எடுங்க. எப்பவும் ஓரத்துல இருந்து அடியை நோக்கித்தான் உளி போகணும், அடிக்கு வந்ததும் நிறுத்திட்டு எதிர் ஓரத்துல இருந்து திரும்ப வாங்க. அடியைத் தாண்டி எதிர்ப்பக்கம் மேல ஏத்தினீங்கன்னா நார் பிஞ்சு எழும்பும், அதை உப்புத்தாளால சரி பண்ண ரொம்ப நேரம் ஆகும். நாருக்கு குறுக்கா செதுக்கறது சுலபம், அதுல ஆரம்பிங்க, நார் ஓடற திசையில இருக்கற ரெண்டு முனையை கடைசியா கையால மெல்ல தள்ளி எடுங்க. பலகை எப்பவும் கிளாம்ப்ல இருக்கணும், ரெண்டு கையும் உளிக்கு பின்னாடியே இருக்கணும். ஒரு கையால பலகையை பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால குடையறது வேணவே வேணாம், கவுஜ் வழுக்கினா நேரா உள்ளங்கைக்குத்தான் வரும்.

ஒரு குழியை முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்கு போகாதீங்க. முதல்ல 14 குழியையும் அரைகுறையா குடைஞ்சுடுங்க, அப்புறம் மறுபடி முதல் குழிக்கு வாங்க. கை பழகப் பழக கடைசி குழி எப்பவும் முதல் குழியைவிட அழகா வரும், இப்படி சுத்து சுத்தா போனா எல்லாம் ஒரே மாதிரி அமையும். எல்லாம் முடிஞ்சப்புறம் மேல்பக்கத்தை இழைப்புளியால ரொம்ப மெல்லிசா ஒரு இழை இழைச்சு விட்டா பென்சில் கோடும் போயிடும், ஓரத்துல இருக்கற சின்ன பிசிறும் போயிடும்.

உப்புத்தாள் 80, 120, 180, 220னு வரிசையா போகணும், நடுவுல நம்பர் தாண்டினா பழைய கீறல் பாலிஷ் போட்டப்புறம் பளிச்சுனு தெரியும். குழிக்குள்ள தேய்க்க சின்னப் பசங்க விளையாடற குட்டி ரப்பர் பந்துல தாளை சுத்திக்கோங்க, உருண்டையா சமமா வரும். குழியோட விளிம்பை நல்லா உருட்டி விடுங்க, விரல் நூறு தடவை உரசற இடம் அதுதான். கீழ்ப்பக்க நீள ஓரத்தையும் கொஞ்சம் சரிவா சீவி விட்டா தரையில இருந்து தூக்க விரல் நுழையும், பெரியவங்களுக்கு இது ரொம்ப உதவி. தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம் போடுங்க, மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே முதல் வகையில வச்சிருக்கு, தேக்குத் தூசி சில பேருக்கு தோல்ல அரிப்பும் குடுக்கும்.

பாலிஷுக்கு தேங்காய் எண்ணெய் தடவலாமான்னு நிறைய பேரு கேக்கறாங்க. வேணாம், அது காயவே காயாது, பிசுபிசுன்னு தூசியை இழுக்கும், நாள் ஆனா சிக்கு வாடை அடிக்கும். நான் சொல்றது ஷெல்லாக், நம்ம அரக்குதான், மாத்திரை மேலயும் மிட்டாய் மேலயும் பூசறது அதே பொருள், அதனால குழந்தை பலகையை வாயில வச்சாலும் பயமில்ல. செதில் செதிலா விக்கும், 100 கிராம் செதிலுக்கு அரை லிட்டர் ஸ்பிரிட் (பாலிஷுக்குன்னு விக்கற ஆல்கஹால்), கண்ணாடி பாட்டில்ல போட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டு பழைய வேட்டித் துணியில வடிகட்டுங்க. இரும்பு டப்பாவுல ஊற வச்சா கருத்துடும். அடுப்பு, விளக்கு பக்கத்துல இந்த வேலை கூடவே கூடாது. பஞ்சை துணியில சுத்தி, தொட்டு, மெல்லிசா ஒரு இழுப்பு, ஒரு மணி நேரம் விட்டு அடுத்தது, ஆறேழு கோட்டிங் போனதும் தேன்மெழுகு தேச்சு துடைச்சுடுங்க. மழை நாள்ல போடாதீங்க, ஈரம் மாட்டி வெள்ளையா பூக்கும். கீழ்ப்பக்கத்துக்கும் அதே அளவு கோட்டிங் போடணும், மேல மட்டும் போட்டா ரெண்டு பக்கமும் ஈரத்தை வேற வேற அளவுல இழுத்து பலகை வளைஞ்சுக்கும். வாங்கறவங்ககிட்ட ஒன்னு சொல்லிடுங்க, சானிடைசர் கையோட தொட்டா ஷெல்லாக் கரையும்.

லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) போட நினைச்சா போடலாம், மேட்டா அழகா இருக்கும், ஆனா காய நாள் கணக்காகும். அந்த எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டி குப்பையில போடாதீங்க, அது தானாவே சூடாகி தீப்பிடிக்கும், நிஜமாவே நடக்கறது இது. தண்ணியில நனைச்சு வெளிய விரிச்சு காயப் போட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

கொட்டைங்க சேத்து குடுத்தாத்தான் பரிசு முழுசாகும். குழிக்கு 5 வச்சு ஆடறவங்களுக்கு 70 வேணும், தொலையறதுக்கு ஒரு பத்து கூட போட்டு குடுங்க. புளியங்கொட்டையை கழுவி நல்லா காய வச்சா போதும், சோழி இன்னும் அழகு, குழியில விழற சத்தமே தனி. மஞ்சாடி விதையும் போடலாம். ஆனா செவப்புல கருப்பு புள்ளி இருக்கற குண்டுமணி மட்டும் வேணாம், கடிச்சு உடைச்சு முழுங்கினா உயிருக்கே ஆபத்தான விஷம் அதுக்குள்ள இருக்கு, அந்தக் காலத்துல வச்சு ஆடினாங்கன்னு யாராவது சொன்னாலும் குழந்தை வீட்டுக்கு குடுக்காதீங்க. மூணு வயசுக்கு கீழ குழந்தை இருந்தா எந்தக் கொட்டையா இருந்தாலும் தொண்டையில அடைக்கும், பலகையை குடுத்துட்டு கொட்டையை அம்மா கையில குடுங்க.

ஒன்னு முடிச்சு கை பழகினப்புறம் மடிக்கற மாதிரி பண்ணலாம். 19க்கு 3½ இன்ச்ல ரெண்டு பலகை, ஒவ்வொன்னுலயும் ஏழு குழி அகலத்துக்கு நடுவுல, பக்கவாட்டுல ரெண்டு பித்தளை கீல், மடிச்சா குழியும் குழியும் ஒன்னை ஒன்னு பாத்து மூடிக்கும், கொட்டை உள்ளயே இருக்கும். ரெண்டு பலகையையும் பக்கத்துல பக்கத்துல கிளாம்ப் பண்ணி ஒரே தடவையில மையம் குறிச்சாத்தான் குழி நேருக்கு நேர் வரும். பித்தளை ஸ்க்ரூ இரும்பு அளவுக்கு உறுதி கிடையாது, தேக்குல நேரா முறுக்கினா தலை துண்டாயிடும், சின்ன பிட்டுல ஓட்டை போட்டு அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதல்ல ஏத்தி இறக்கிட்டு, அப்புறம் பித்தளை ஸ்க்ரூவுல சோப்பு தடவி கையால முறுக்குங்க.

மடிக்கற பலகைதான் வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்களுக்கு குடுக்க வசதி, பெட்டியில கச்சிதமா உக்காரும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போறவங்கன்னா மரப்பொருள் இருக்குன்னு ஏர்போர்ட் ஃபார்ம்ல கண்டிப்பா எழுதச் சொல்லுங்க, பட்டையோ பூச்சி ஓட்டையோ துளிகூட இருக்கக் கூடாது, புளியங்கொட்டை மாதிரி விதை எதையும் உள்ள போட்டு அனுப்பாதீங்க, பிடுங்கிடுவாங்க. அதுக்கு பதிலா கண்ணாடி மணி 80 வாங்கி ஒரு சுருக்குப் பையில போட்டு பலகையோட சேத்து வச்சுடுங்க.